என் மனைவியின் சந்தேகமும் இரத்தப் பரிசோதனையும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சென்ற ஆண்டு மாங்காய் சீசன் முடியும் தறுவாயில், சூளகிரிக்கு அருகிலுள்ள எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததை இங்கு எழுதுகிறேன்.

என் மனைவி அறுபதை நெருங்குபவள். அதிகம் பேசாத சுபாவம். அவள் சில மாதங்களாக, மருமகள் சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று கூறத் தொடங்கியிருந்தாள். மருமகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவள். சமைத்து வைத்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் பிடிப்பாள். அந்தச் சோற்றை என் மனைவி அப்படியே மாட்டுத் தொட்டியில் கொட்டுவாள்.

“மாட்டுக்கு ஒண்ணும் ஆவலையே அத்த?” என்று மருமகள் ஒருநாள் கேட்டாள்.

“மாட்டு மேல உனக்கென்ன கோவம்? எம்மேலதான” என்று பதில் வந்தது.

உறவினர் மந்திரிக்கச் சொன்னார்கள். மகனோ ஓசூரில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். ஆடி கழிந்ததும் தனிக்குடித்தனம் என்று முடிவாயிற்று. அதற்குமுன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டலாம் என்று மருமகளே விடுப்பெடுத்து எங்களுடன் வந்தாள்.

மனநல மருத்துவர் ஒரு பெண்மணி. என் மனைவியிடம் பொறுமையாகப் பேசிய பின், இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

“புத்தி தடுமாறுனது ரத்தத்துல எப்பிடிங்கம்மா தெரியும்?” என்றேன்.

“எல்லாருக்கும் ரத்தத்துல தெரியாதுங்க ஐயா. உடம்புக் கோளாறால வந்ததான்னு மொதல்ல பாத்துக்கணும்.”

முடிவு வந்தபோது தைராய்டில் குறையில்லை. பி12 என்னும் சத்து மட்டும் மிகவும் குறைந்திருந்தது. அது குறைந்தால் நரம்பு தளர்ந்து பாதங்கள் மரத்துப்போவதோடு, சிலருக்கு இல்லாத சந்தேகங்களும் தோன்றும் என்று விளக்கிய மருத்துவர், உணவைப் பற்றி விசாரித்தார். சில ஆண்டுகளாக அவள் சுத்த சைவம் என்று சற்றுப் பெருமையுடன் கூறினேன்.

மருமகள் குறுக்கிட்டாள். “பால், தயிர், மோரு எதுவும் தொடமாட்டாங்க மேடம். நாலஞ்சு வருசமா வரக்காப்பிதான்.”

காரணம் கேட்டதற்கு என் மனைவி வாய் திறக்கவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. மருத்துவர் மீண்டும் கேட்ட பிறகு, தரையைப் பார்த்தபடி கூறினாள்.

“இவ வயித்துல ஒண்ணு தங்கற வரைக்கும் பாலு, கவிச்சி தொடறதில்லன்னு சாமிகிட்ட வேண்டியிருக்கேன்.”

யாருக்காக விரதம் இருந்தாளோ, அவளையே விஷம் வைப்பவளாக எண்ண வைத்தது அந்த விரதம். மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி அதை உதறவில்லை.

மருத்துவர் எழுதிய பி12 ஊசி மருந்து வாய்வழியாகப் போவதில்லை என்று நர்ஸிடம் உறுதி செய்துகொண்ட பின்னரே அவள் போட்டுக்கொண்டாள். மாத்திரைகளும் கொடுத்தார்கள். வாரங்கள் செல்லச் செல்லச் சந்தேகப் பேச்சு குறைந்தது. ஒருநாள் மருமகள் மோர் கொண்டுவந்து நின்றாள்.

“புள்ள பொறக்கறப்ப பொறக்கட்டும். நீங்க மோரக் குடிங்க அத்த.”

“சாமி கேட்டா?”

“மருமவ மெரட்டுனான்னு சொல்லிடுங்க.”

என் மனைவி சிரித்துவிட்டுக் குடித்தாள். ஆடி கழிந்தது, எவரும் வீடு மாறவில்லை.

மனநோய் அனைத்தும் இரத்தத்தில் தெரியும் என்று நான் கூறவில்லை. மருத்துவரும் அவ்வாறு கூறவில்லை. என் மனைவியின் பாதங்களில் மரமரப்பு இன்னும் இருக்கிறது. பேரக்குழந்தையும் இன்னும் பிறக்கவில்லை. ஆயினும், ஒருவர் நம்மீது காட்டும் வெறுப்பை அவருடைய மனத்தின் தீமை என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது என்பதை அன்றிலிருந்து நான் மறப்பதில்லை.

வேறொரு குடும்பத்துக்கு உதவக்கூடும் என்பதால், இக்குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.