சூடாமணி சுவரேறி ஆபீஸ் போன கதை

1996 ஐப்பசியில் சூடாமணிக்கு நாற்பத்தாறு வயது. நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோ. இருபத்துமூன்று வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவளுடைய ஒரே பெருமை. அதற்கு ஆபத்து வாசலில் வந்தது. கச்சேரி சாலைக்குப் பின்னால் இருந்த அவர்கள் தெருவை யாரோ வந்து ஆளுயரத்துக்குத் தோண்டிவிட்டுப் போனார்கள். தோண்டியது எந்த இலாகா என்று எந்த இலாகாவுக்கும் தெரியவில்லை. குறுக்கே போட்டிருந்த பலகை முதல் மழையிலேயே மிதந்து போய்விட்டது.

அவள் கணவர் ஜெயராம் கலங்கவே இல்லை. தன் ஆபீசுக்கு போன் போட்டு, வாசலில் பள்ளம் என்று லீவு சொல்லிவிட்டு ஈசிசேரில் சாய்ந்தார்.

"பள்ளத்தை மூடற வரைக்கும் லீவா?" என்றாள் சூடாமணி.

"வேற என்ன பண்ணச் சொல்றே? பறந்தா போகமுடியும்?"

அவள் கொல்லைப்பக்கம் போனாள். துவைக்கிற கல்மேல் ஏறி, அங்கிருந்து ஐந்தரை அடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தாள். தோளில் கைப்பை, கையில் டிபன் டப்பா. சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவில் வாசல் உள்ள உமர் ஃபாரூக்கின் மெத்தைக்கடை முற்றம். பஞ்சு அடித்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, சுவர் மேல குந்திக்கினு கீறீங்க?"

"ஆபீஸுக்குப் போயிண்டிருக்கேன் பாய்."

உமர் ஃபாரூக் யோசித்தார். "பஸ்ஸு இந்தப் பக்கம் வராதேம்மா."

சூடாமணி கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். நட்ட கம்பம் மாதிரி விறைப்பாக வந்து இறங்கினாள். குதிகாலில் விழுந்த அடி தாடை வரைக்கும் ஏறிப் பல் கிட்டித்தது. தயிர் சாதம் பஞ்சுக் குவியலுக்குள் போயிற்று. ஆனால் நொண்டி நொண்டிப் போய்ப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் உமர் ஃபாரூக் சுவரடியில் ஒரு மெத்தையை விரித்து வைத்திருந்தார். லாரியிலிருந்து எத்தனையோ மூட்டைகள் விழுவதைப் பார்த்தவர் அவர்.

"கல்லு மாதிரி வுழறீங்கம்மா. பஞ்சு மூட்டை மாதிரி வுழுங்க. முட்டிய மடக்குங்க."

சூடாமணி தன் மகள் வர்ஷினியின் பழைய சுடிதாருக்கு மாறினாள். ஒரு வாரத்தில் முன்பாதத்தை முதலில் ஊன்றி, முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழகினாள். மூன்றாம் வாரம், குதித்த வேகம் அவளை முன்னால் தள்ளியது. தடுக்காமல் விட்டாள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, ஒரு தோளில் உருண்டு, மெத்தையின் மறுமுனையில் எழுந்து நின்றாள். எங்கும் வலிக்கவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் யாரும் அவளை உருள விட்டதே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. அன்று பஸ்ஸில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் திரும்பி வருவதற்கும் வழி கண்டுபிடித்தாள். நாலெட்டு ஓடி, சுவரில் ஒரு காலை வைத்து எம்பி, மேல்விளிம்பைப் பிடித்து ஏறிவிடுவாள்.

இதற்குள் அவள் குதிப்பதைப் பார்த்து மெத்தை வாங்கக் கடைக்குக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. "நாளைக்கு மந்தவெளிலேர்ந்து ஒரு கல்யாண பார்ட்டி வர்றாங்கம்மா. ஒம்போதுக்குக் குதிக்க முடியுமா?" என்று உமர் ஃபாரூக் கேட்பார். மாப்பிள்ளை வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அவள் உருண்டு எழுந்து, ஒரு வணக்கம் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

தை மாதம் பள்ளத்தை மூடினார்கள். சூடாமணி சுவரைவிட்டு இறங்கவில்லை.

"வாசல்தான் திறந்தாச்சே!" என்றார் ஜெயராம்.

"அது சுத்து வழியாச்சே."

தெரு சங்கச் செயலாளர் கிச்சாவால் இதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காலை கான்ஸ்டபிள் நெடுஞ்செழியனை அழைத்துக்கொண்டு ஜெயராம் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டார். சூடாமணி ஏற்கெனவே குதித்துப் போயிருந்தாள். லீவு பழகிப்போன ஜெயராம் மட்டும் வீட்டில் இருந்தார்.

"உள்ள குதிச்சா திருட்டு," என்றார் நெடுஞ்செழியன். "இவங்க வெளிய குதிக்கிறாங்க. இன்னா கேஸுன்னு போடறது?"

"சாயங்காலம் உள்ளயும் குதிக்கறாளே!" என்றார் கிச்சா.

"அது அவங்க வூடாச்சே சார். பாய்தான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உமர் ஃபாரூக்கின் குரல் வந்தது: "நா ஏன் குடுக்கறேன்? அந்தம்மா குதிச்சாதான் மெத்தை விக்குது."

நெடுஞ்செழியன் நோட்டைத் திறந்தார். "எப்பிடிக் குதிக்கிறாங்கன்னு யாராவது காட்டுங்க. எழுதிக்கறேன்."

கிச்சா ஜெயராமைப் பார்த்தார். ஜெயராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகு எந்தப் பக்கமும் இறங்க முடியவில்லை. தலை சுற்றியது. "சுவரில் ஒருவர் இருக்கிறார்" என்று எழுதிக்கொண்டு நெடுஞ்செழியன் கிளம்பிவிட்டார். கிச்சா ஏணி தேடப் போனவர் திரும்பவில்லை. உமர் ஃபாரூக் தன் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். அதில் கால் வைக்கவும் ஜெயராமுக்குப் பயம். மத்தியானம் உமரின் மனைவி அஸ்மத்துன்னிசா ஒரு கொம்பின் நுனியில் வாழைப்பழச் சீப்பைக் கட்டி நீட்டினாள். ஜெயராம் நாலு பழம் தின்றார்.

ஆறு மணிக்கு சூடாமணி ஓடிவந்து, எம்பி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து உக்காந்திருக்கேள்?"

"பத்தரைலேர்ந்து."

"கீழே பாக்காதீங்கோ. மெத்தையோட அந்தக் கோடியப் பாருங்கோ. முட்டிய மடக்கிண்டு விடுங்கோ, அவ்வளவுதான்."

ஜெயராம் நெடுநேரம் மெத்தையின் கோடியைப் பார்த்தார். பிறகு, "சூடி, கையப் பிடிச்சுக்கோ," என்றார். இருவரும் சேர்ந்து குதித்தார்கள். அவள் உருண்டு எழுந்தாள். அவர் எழவில்லை. பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நன்னா இருக்குடி," என்றார்.


மறுநாள் காலை எட்டரைக்கு இரண்டு டிபன் டப்பாக்கள் சுவர்மேல் இருந்தன.