மதில் இல்லாத ஊரில் கை நனைத்தது

பாண்டிச்சேரிக்கு வந்தால் மதில் பார்க்கலாம் என்று சொல்லித்தான் பெரியப்பா என்னை வேனில் ஏற்றினார். பிரெஞ்சுக்காரன் கட்டிய ஊர், சுற்றிலும் மதில், அதன்மேல் பீரங்கி என்றார். அவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியாது.

போனது உண்மையில் மதில் பார்க்க அல்ல, அத்தைக்கு வந்த மாப்பிள்ளையின் வீடு பார்க்க. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். மாப்பிள்ளைக்கு பாரிஸில் வேலை. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் அத்தையைப் பார்த்துவிட்டு அவர்களாகவே கேட்டு வந்திருந்தார்கள். அப்பாவுக்கு இஷ்டமில்லை. அவ்வளவு தூரத்தில் தங்கையைக் கொடுத்துவிட்டு, ஒரு நல்லது கெட்டதுக்கு யார் போய் நிற்பது என்றார். அழைத்தும் போகாமலிருந்தால் மரியாதையில்லை. அதனால் போவது, வீட்டைப் பார்ப்பது, கை நனைக்காமல் திரும்பி, பிறகு ஆள் விட்டு வேண்டாமென்று சொல்வது என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் அங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கிளம்பும்போது அத்தை என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே காதுக்குள் சொன்னாள்: "அங்க என்ன வச்சாலும் சாப்பிட்டுரு. யாரு முறைச்சாலும் எந்திரிக்காத."

வழியில் கும்பகோணத்தில் எல்லோரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். எனவே தெருப்பலகைகளைப் படிக்கும் பொறுப்பு என்னுடையது. எழுத்து தமிழ்தான், பெயரெல்லாம் பிரெஞ்சு; படித்தால் தமிழாக இல்லை. "ஒழுங்காப் படிடா, உன்னை எதுக்கு ஸ்கூலுக்கு அனுப்புறோம்" என்றார் பெரியப்பா. வேன் ஒரு அகலமான சாலையில் ஊரை முழுசாக ஒரு சுற்று சுற்றியது. மதிலைக் காணோம்.

மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீட்டில், மாப்பிள்ளையின் அப்பாவிடம் மதில் எங்கே என்று கேட்டேன். வெள்ளைக்காரர்கள் சண்டை போட்டதில் எப்போதோ இடித்துவிட்டார்களாம். நாங்கள் சுற்றி வந்த சாலைதான் மதில் இருந்த இடமாம். இல்லாத ஒன்றை எப்படிச் சுற்றி வந்தோம் என்று எனக்குக் குழம்பியது.

காபி வந்தது. பெரியப்பா இப்போதுதான் குடித்தோம் என்றார். தண்ணீர் வந்தது. தாகமில்லை என்றார் அப்பா, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. அடுத்து நீளமான ரொட்டியை நறுக்கி வெண்ணெய் தடவிக் கொண்டுவந்தார்கள். நான் எடுத்துக் கடித்தேன். மொறுமொறுவென்ற அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "பையன் கை நனைச்சுட்டான், சம்பந்தி."

பெரியப்பா பதறிப்போய், "ரொட்டியெல்லாம் சேராதுங்க. சோறு தின்னாத்தாங்க கணக்கு" என்றார்.

"அதுக்கென்ன, சோறும் தயாராத்தான் இருக்கு" என்று அந்த வீட்டம்மா என் முன்னால் இலை போட்டார்.

சோறும் வஞ்சிரமீன் குழம்பும் வந்தன. அப்பா என்னையே முறைத்தார். பெரியப்பா கனைத்துக் கனைத்துப் பார்த்தார். சாப்பிட்டால் ஏன் முறைக்கிறார்கள், சாப்பிடச் சொன்ன அத்தைக்கு இவர்கள் முறைப்பார்கள் என்று எப்படித் தெரிந்தது, ஒன்றும் புரியவில்லை. தலையைக் குனிந்து மோர்வரைக்கும் சாப்பிட்டேன். கடைசியில் அப்பா பெருமூச்சு விட்டு, "சரி, எங்களுக்கும் இலையப் போடுங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரொட்டி கணக்கில் சேராது என்றே பெரியப்பா சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தாள். மாப்பிள்ளையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றாள்.

"சோறே சாப்பிட்டேன். ஆனா அங்க மதிலே இல்ல அத்தை."

அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அத்தை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கேட்டால் பசிக்கவில்லை என்றாள் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் அத்தை தட்டு நிறையப் பழைய சோற்றைப் போட்டு, சுவரோரம் உட்கார்ந்து, அள்ளி அள்ளிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். பாண்டிச்சேரியில் நான் சாப்பிட்டதற்கு இங்கே இவளுக்கு எப்படிப் பசி வந்தது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.