ரிவர்ஸ் விழாத ஏழு மாதம்

இப்போதெல்லாம் காரை நான் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துகிறேன். சுவரைப் பார்த்து நிறுத்துகிறேன். முட்டுச்சந்துக்குள் நுழைத்து நிறுத்துகிறேன். காரைக்குடி கடைவீதியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே சொருகிவிட்டு நிம்மதியாகப் போய்க் காய்கறி வாங்குகிறேன். திரும்ப எப்படி எடுப்பது என்ற கவலை இல்லை. இதில் என்ன பெரிய சந்தோஷம் என்று கேட்பவர்கள், ஏழு மாதம் ரிவர்ஸ் கியர் இல்லாமல் ஒரு காரோடு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐந்து வருஷத்துக்கு முன்னால், நாற்பத்திரண்டு வயதில். கீழச்சிவல்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. வீடு காரைக்குடியில். இரண்டு பஸ் மாறி, கடைசியில் வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள், மாத்திரைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று என்னைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். பத்து வருஷம் அப்படிப் போனேன். அதற்குப் பிறகு முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. வேலையை விடு, இல்லாவிட்டால் கார் ஓட்டக் கற்றுக்கொள் என்ற இடத்தில் வந்து நின்றது. வேலையை விட எனக்கு மனசில்லை. நானாகப் படித்து, நானாக வாங்கிய வேலை அது.

வீட்டுக்காரருக்கு ஊருக்குள் சிமெண்ட் கடை. கடையையும் என் முழங்காலையும் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். நிறுத்தியது வண்டியை விற்றவரின் டிரைவர். இவருக்கு மோட்டார் பைக் மட்டும்தான் வரும். காரைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இது செலவு வைக்காத வரைக்கும் வச்சிருப்போம். பெருசா ஏதும் வந்துச்சுன்னா தள்ளி விட்டுட்டு நீ வீட்டுல இரு" என்றார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தன. அந்த ஒரு மாதமும் ஓட்டியது நானா அவரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. லைசென்ஸ் மட்டும் என் பெயரில் வந்தது. அப்புறம் தனியாக ஓட்டி ஓட்டி எனக்கென்று சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. இடது கை எந்நேரமும் கியர் குமிழின் மேல்தான் இருக்கும். வெயிலில் அது சுடுகிறது என்று குமிழையும் அதன் கழுத்தையும் மூடுகிற மாதிரி ஒரு துணி உறைகூடத் தைத்துப் போட்டேன். மூன்றாவது கியருக்குப் போக வேண்டிய இடத்திலும் இரண்டாவதிலேயே உறுமிக்கொண்டு போவேன். ரயில்வே கேட்டில் எல்லோரும் நியூட்ரலில் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிவிடுவார்கள். நான் மட்டும் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி, ஓட்டப்பந்தயத்தில் நிற்கிறவள் போல ரயில் போகிறவரை உட்கார்ந்திருப்பேன். கேட் திறந்ததும் பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்துவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான் கியர் நன்றாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவர் ஆரம்பித்துவிடுவார்.

"மூணு போடு. வண்டி அழுகுதுல்ல."

"ஓட்டுறது நானா நீங்களா?"

"கிளட்ச முழுசா மிதி. ஊறுகாயைத் தொட்டுக்கிற மாதிரி தொட்டுக்கிட்டு இருக்கியே, உள்ள பல்லெல்லாம் என்னத்துக்கு ஆகும்?"

"இறங்கிப் பஸ்ல வாரீகளா?"

வாயை மூடிக்கொள்வார். அடுத்த வளைவு வரைக்கும்தான்.

ஆனால் அந்தப் பல் விஷயம் என் மனசில் விழுந்துவிட்டது. போன தை மாதத்தில் ரிவர்ஸ் முரண்டு பிடிக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். எங்கள் காரில் கியர் குமிழுக்கு அடியில் ஒரு வளையம் உண்டு. அதை இரண்டு விரலால் மேலே தூக்கிக்கொண்டு தள்ளினால்தான் ரிவர்ஸ் விழும். தூக்கினால் பாதி வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. முதலில் பலமாக இழுத்தால் விழுந்தது. பிறகு பத்துத் தடவைக்கு ஒரு தடவை. பொங்கல் கழிந்து பத்து நாளில் சுத்தமாக நின்றுபோயிற்று. அரைகுறையாகக் கிளட்ச் மிதித்து நானே கியர் பெட்டியைத் தேய்த்துவிட்டேன் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கார் போகும். கார் போனால் வேலை போகும்.

அப்புறம் என்ன, முன்னால் மட்டுமே போகிற வாழ்க்கை. நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். அந்த வீடுகள் இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறவை. பக்கத்தில் வண்டி போகிற அளவுக்கு ஒரு சந்து, இரண்டு முனையிலும் கேட். பின்பக்கத்து கேட்டைத் திறந்து வருஷக்கணக்காகிவிட்டது. நான் அதற்கு எண்ணெய் போட்டு, தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தேன். மாலையில் ஒரு தெருவில் நுழைந்தால் காலையில் இன்னொரு தெருவில் வெளியே வரலாம். "எதுக்கு அந்தக் கேட்டைத் தொறந்து போட்டிருக்க?" என்று கேட்டார். காற்று வரட்டும் என்றேன். நல்லதுதான் என்றுவிட்டார்.

சுகாதார நிலையத்தில் வேப்பமரத்தைச் சுற்றி வட்டமடித்து, ரோட்டைப் பார்த்து நிறுத்துவேன். மற்ற இடங்களில் மேடு தேடுவேன். ஊருணிக் கரை மாதிரி ஏதாவது கிடைத்தால் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, கிளம்பும்போது நியூட்ரலில் விட்டால் வண்டி தானாகப் பின்னால் வரும். மேடு இல்லாத கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கால் வலி என்று சொல்லி அவரை மட்டும் பைக்கில் அனுப்பிவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது ஒவ்வொரு நாள் காலையிலும் எங்கே நிறுத்துவது என்று வழி முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே போவேன்.

குட்டு உடைந்தது ஆவணியில், ஆத்தங்குடியில். அவருடைய கடையில் சிமெண்ட் வாங்குகிற ஒருவர் புதிதாகக் கட்டிய வீட்டில் பால் காய்ச்சு. தவிர்க்க முடியாது. காலையிலேயே கிளம்பினோம். அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு ஒடுங்கி, ஒரு பக்கம் கண்மாய்ப் பள்ளமாக இருக்கிற இடத்தில் எதிரே ஒரு சின்ன லாரி வந்து மூக்கோடு மூக்காக நின்றது. பின்னால் முழுக்கத் தரைக்கல்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "கல்லு லோடுக்கா. நான் பின்னாடி எடுத்தாச் சரிஞ்சிரும். நீங்க கொஞ்சம் பாலம் வரைக்கும் எடுத்துக்கிறீகளா?"

"ரிவர்ஸ் போடு" என்றார் இவர்.

"போடுறேன்."

வளையத்தை இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். விரல் நுனி சிவந்துவிட்டது.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"விழாதுங்க."

"விழாதுன்னா? எப்ப இருந்து?"

"தையில இருந்து."

அவர் என்னைப் பார்த்தார். பின்பக்கத்து கேட், வேப்பமரம், கால் வலி எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியதை நான் பார்த்தேன். இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். அவரும் லாரி டிரைவரும் பானட்டில் கை வைத்துப் பாலம் வரைக்கும் தள்ள, நான் நியூட்ரலில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். பால் காய்ச்சு வீட்டுக்குள் போனபோது அவருடைய வெள்ளைச் சட்டையில் இரண்டு கை அகலத்துக்குப் புழுதி. பந்தியில் என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பாயசம் நல்லாருக்கு." திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டார். ரிவர்ஸ் விழவில்லை என்றால் பெட்டியை இறக்கித்தான் பார்க்க வேண்டும், பழைய வண்டிக்கு அது கட்டுபடியாகாது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அடுத்த போன் வண்டி வாங்கி விற்கிற ஒருவருக்கு. ரிவர்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாராம்.

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது?" என்றேன்.

"பாப்போம்" என்றார்.

எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். அடுப்படிக்குப் போய் அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வந்து கேட்டேன், "போன்லயே நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு அவரு என்ன சாமியாடியா? விக்கிறதுன்னா வித்துக்கங்க. ஒரு தடவை எவனாச்சும் கண்ணால பாக்கட்டும்."

அவருக்கும் மனசு கேட்கவில்லை போல. சனிக்கிழமை காலை மானகிரிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினோம். வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே போனேன். மூணு போடு என்று அவர் சொல்லவே இல்லை. அந்தக் குரலுக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மெக்கானிக் எங்கள் வயசு ஆள். பானட்டைத் திறக்கவில்லை, வண்டிக்கு அடியில் படுக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்து வளையத்தைத் தூக்கிப் பார்த்தார். யோசித்தார். அப்புறம் நான் தைத்துப் போட்ட உறையைக் கழற்றினார். சிரித்துவிட்டார்.

"என்னக்கா, கியருக்குக் கொண்டை போட்டு வச்சிருக்கீக?"

எட்டிப் பார்த்தேன். குமிழுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி முழுக்கச் சாமிக் கயிறு. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், மறுபடி கறுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இறுகிக் கிடந்தன. எண்ணினால் பதினொன்று.

"வளையம் மேல வரணும்ல, அதுக்கு எடமே இல்ல" என்றார். "பெட்டி தங்கமா இருக்குக்கா. அதுக்கு ஒண்ணுமே ஆகல."

எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கூடவே ஒரு சந்தேகம். இதில் ஒன்றுகூட நான் கட்டியதில்லை. திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அங்குட்டுக் குவிந்து கிடந்த பழைய டயர்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

"கருப்பர் கோயிலுக்குப் போறப்பல்லாம் பூசாரி ஒண்ணு குடுப்பாரு" என்றார் டயரைப் பார்த்தபடியே. "பொங்கலுக்கு ஒண்ணு, ஆடிக்கு ஒண்ணு."

"புதுசு கட்டுறப்பப் பழசை அவுக்க வேண்டியதுதானே?"

"சாமிக் கயித்த எப்படி அவுக்குறது? தானாத்தான் அத்து விழணும்."

அது வாஸ்தவம்தான். எங்கள் பக்கம் அப்படித்தான். கையில் கட்டினால் குளித்துக் குளித்து இற்றுப்போய் ஒரு நாள் தானாக விழுந்துவிடும். காருக்குள், துணி உறைக்கு அடியில், வெயில் படாமல் தண்ணீர் படாமல் இருந்தால் எப்படி இறும்? ஐந்து வருஷத்துக் கயிறும் புத்தம் புதுசாக இருந்தது.

"அறுத்துரவா?" என்றார் மெக்கானிக், கத்தியை எடுத்து.

"ஐயோ, வேணாம்" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவர் குமிழைத் திருகிக் கழற்றினார். கயிற்றுக் கொத்தை ஒரு முடிச்சுகூட அவிழாமல் வளையல் மாதிரி மேலே உருவி எடுத்து இவர் கையில் கொடுத்தார். இவர் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குமிழை மாட்டியதும், "போட்டுப் பாருங்கக்கா" என்றார் மெக்கானிக். இரண்டு விரலால் தூக்கினேன். டொக்கென்று விழுந்தது. ஏழு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. மெக்கானிக் முன்னால் என்ன மரியாதை என்றுகூடப் பார்க்காமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணீரும் வந்தது.

அவரும் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"என்னன்னு சொல்லச் சொல்ற? நீ ரெண்டுலயே போற. கிளட்ச மிதிக்கவும் மாட்டேங்கிற. காலையில நீ போயிச் சேந்துட்டேன்னு போன் பண்றவரைக்கும் கடையில எனக்கு வியாபாரமே ஓட மாட்டேங்குது. வேற என்னதான் பண்றது?"

ஐந்து வருஷம், தினமும் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் "சரி, வச்சிரு" என்பதற்குமேல் பேசியதில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரோட்டுக்கு வண்டியை ரிவர்ஸில் எடுக்க ஆரம்பித்தேன். பாதியில் அவருடைய போன் அடித்தது. வண்டி வாங்குகிறவர். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்பது எனக்கே கேட்டது. பிரேக்கை மிதித்து நின்றேன்.

"இல்லங்க, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர். "இல்லல்ல, வெலைக்காகச் சொல்லல. வீட்டுல அதுலதான் வேலைக்குப் போறாக. அவுக வண்டிங்க அது. அவுகளத்தான் கேக்கணும்."

போனை என் பக்கம் நீட்டினார்.

"குடுக்கிறதா இல்லைங்க" என்று நானே சொன்னேன்.