கூலியாக வந்த அரிசி

அமாவாசை அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அப்பாவுக்காக. குளித்து, வாழைக்காயும் பூசணிக்காயும் சேர்த்துச் சமைத்து, மதுரை கே.கே. நகர் வீட்டு மாடியில் காக்கைக்கு ஒரு கை வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். "நாலு பெரியவங்க வயித்துக்குப் போனா மாமாவுக்கே போய்ச் சேந்த மாதிரிங்க" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். அப்படித்தான் கொட்டாம்பட்டிக்குப் போகும் ரோட்டை ஒட்டியிருக்கும் முதியோர் இல்லத்துக்குச் சோறு கொண்டுபோக ஆரம்பித்தோம். நாங்கள் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்துப் பிழைப்பவர்கள். அரிசி பருப்புக்கு ஆண்டவன் குறை வைக்கவில்லை.

ஆரம்பத்தில் எந்த நாள் போனாலும் சோற்றுக்குத் தேவை இருந்தது. இப்போது கல்யாண மண்டபம் மாதிரி முன்கூட்டியே போன் போட்டு நாள் பிடிக்க வேண்டும். பிறந்த நாள், கல்யாண நாள், நினைவு நாள் என்று ஜனங்கள் தேடி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலேஜ் பிள்ளைகள் வந்து பெரியவர்களுக்கு நகம் வெட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் போனிலேயே பணம் அனுப்பிவிட்டு, பந்தியை வீடியோவில் பார்த்துக் கண் கலங்குகிறான். குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. எந்த வழியில் வந்தாலும் தர்மம் தர்மம்தானே.

இல்லத்தை நடத்தும் அம்மா முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். "எதுக்கு டீச்சர் இம்புட்டுப் போட்டோ எடுக்குறாக?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்தப் போட்டோவப் பாத்துத்தேன்ணே அடுத்த ஆளு வாராக" என்றார். "தை அமாவாசைக்குப் போன வருசமே சொல்லி வச்சுட்டாக. ஒருநாள்ல மூணு பாயசம் வருது. மறுநாள் ரசத்துக்குப் புளி இருக்காது. செவ்வாக்கெழம பாத்து ஒருத்தரும் பெறக்க மாட்டேங்குறாகண்ணே, நான் என்ன செய்ய?"

அந்த இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம், ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். பிள்ளை இல்லை. சம்சாரம் போன பிறகு மழையில் வீட்டுச் சுவரும் விழுந்துவிட, தம்பி மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். முதியோர் பென்ஷன் ஊர் மாறியதில் நின்றுபோய், மனு எங்கோ அலைந்துகொண்டிருந்தது. மனுஷருக்கு வாய் மட்டும் தளரவில்லை. என்னை 'மொதலாளி' என்பார். என் கடையைப் பார்த்திருந்தால் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

கார்த்திகை அமாவாசைக்கு நாங்கள் பரிமாறிக்கொண்டிருந்தபோது, அவர் இலையிலிருந்து ஒரு கை சோற்றை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பின்பக்கத்து மதில் வரை போனவர், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, சோற்றை வைக்காமல் திரும்பி வந்து இலையிலேயே போட்டார்.

"என்னங்கய்யா, காக்கா வரலையா?" என்று கேட்டேன்.

"காக்கா இருக்கு. சோறுதேன் இல்ல" என்றார். "இது ஒங்கப்பாருக்கு ஆக்குன சோறு மொதலாளி. இத எப்படி எம் பொண்டாட்டிக்கு வைக்க? போன மாசம் யாரோ குடுத்தத வச்சேன். அவ தொட்டுருக்க மாட்டா. மகா கோவக்காரி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் அந்த இலையில் கை வைக்கவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மறுவாரமே கடையிலிருந்து நல்ல பொன்னி அரிசியாக ஒரு பை கட்டிக்கொண்டு போய், "இந்தாங்கய்யா, இது ஒங்க அரிசி. தை அமாவாசைக்கு நீங்களே ஆக்கி வைங்க" என்று நீட்டினேன்.

பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நீ குடுத்தா அது ஒன் அரிசிதேன். பைய மாத்திட்டா ஆளு மாறிருமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "களத்துல கூலி நெல்லு வாங்கித்தேன் எங்கப்பன் ஆத்தாளுக்கு நான் படையல் போட்டேன். நெலம் எவனுதோ, ஆனா கூலி நெல்லு என்னுது. ஒங்கடையில வேல இருந்தாச் சொல்லு" என்றார்.

என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். பேரையூர்ப் பக்கத்திலிருந்து எங்களுக்கு வத்தல் மூட்டை வரும். மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளிக் கொடுத்தால்தான் கே.கே. நகர் வீடுகளில் வாங்குவார்கள். "உக்காந்த எடத்துல செய்யுற வேலதானங்க. கொண்டுபோய்க் குடுங்க" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். இல்லத்தின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் சாக்கை விரித்து அவர் உட்கார்ந்தார். சும்மா இருக்கப் பிடிக்காத இன்னும் சில பெரியவர்களும் ஆளுக்கு ஒரு குவியலை இழுத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு பேங்க் அதிகாரி தன் அறுபதாவது பிறந்த நாளுக்குக் குடும்பத்தோடு கேக் கொண்டுவந்திருக்கிறார். பாட்டு ஆரம்பித்ததும் காற்று திரும்பிவிட்டது. வத்தல் நெடி கூடத்துக்குள் ஏற, பாடினவர்கள் தும்ம, கேக் வெட்டினவர் இரும, மெழுகுவர்த்தி தும்மலிலேயே அணைந்துபோனது என்று மறுநாள் சமையல்காரம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அண்ணே, வயசானவுகள வச்சு வேல வாங்குறாகன்னு எவனாச்சும் வீடியோ எடுத்துப் போட்டா என்னாகும்? குடுக்குற கையெல்லாம் நின்னுருமே. இங்க எல்லாருக்கும் மூணு வேள சோறு அதுலதேன வருது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன்.

பெரியவர் வண்டி வரைக்கும் வந்தார். "விடு மொதலாளி. தை அமாவாசைக்கும் அவ பட்டினி கெடக்கட்டும். பழகிப்போச்சு அவளுக்கு" என்றார். வழக்கமான கிண்டல்தான். முகத்தில் மட்டும் அந்தக் கிண்டல் இல்லை.

டீச்சரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நான் வண்டியைக் கிளப்பும்போது கிட்டே வந்து, "இங்க வேணாம்ணே. ஒங்க வீட்டுக்கு விருந்தாளியாக் கூட்டிட்டுப் போங்க. அங்க அவரு என்ன செய்வாரோ எனக்குத் தெரியாது" என்றார்.

அப்படித்தான் தை பிறந்த பிறகு ஒருநாள் அவர் எங்கள் கடைக்கு வந்தார். கடையைப் பார்த்ததும், "இதுக்கா ஒன்ன மொதலாளின்னு கூப்புட்டேன்?" என்றார். பின்கட்டில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பொழுது சாயும் வரை கிள்ளினார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டதற்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. வேலைக்கு வந்தவனுக்குச் சோறு போடுவது வழக்கம்தான் என்றார்.

கூலி அளக்கும்போதுதான் தகராறு. என் மனைவி படியில் அரிசியைக் கோபுரமாக அள்ளினாள்.

"தலையத் தட்டு தாயி" என்றார்.

"இருக்கட்டும்ங்கய்யா, ஒரு கை கூடப் போனா என்ன?"

"கூடப் போறது தர்மம். அந்த ஒரு கையி எது, என் கூலி எதுன்னு பானைக்குள்ள நான் எங்க போய்த் தேட? தட்டு."

கூலியைக் கூட்டிக் கேட்கிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறோம். அவள் விரலால் வழித்துத் தலையைத் தட்டி அளந்தாள். துண்டில் முடிந்துகொண்டு, இடுப்பில் கட்டாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறினார்.

தை அமாவாசை அன்று எங்கள் வீட்டுக் காரியத்தைச் சுருக்க முடித்துவிட்டு நானும் மனைவியும் இல்லத்துக்குப் போனோம். அன்றைக்குச் சோறு போடுவது மதுரைக்குள்ளிருந்து வந்த ஒரு குடும்பம். அம்மா இறந்து முதல் வருஷம் என்று மகனும் மருமகளும் வடை பாயசத்தோடு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். பெரியவர் சமையல்கட்டின் ஓரத்து அடுப்பில் தன் அரிசியை உலையில் போட்டிருந்தார். பிறந்ததிலிருந்து அடுப்புப் பக்கம் போகாதவர். "கஞ்சியா, சோறான்னு காக்காவே கொழம்பிப் போகும்" என்றார் சமையல்காரம்மா. "அவ ஆக்குனதே அப்படித்தேன் இருக்கும்" என்றார் இவர்.

குழைந்த சோற்றை இலைத் துண்டில் ஏந்திப் போய் மதிலில் வைத்தார். கா கா என்று கூப்பிட்டார். ஒரு காக்கைகூட வரவில்லை.

எப்படி வரும்? தை அமாவாசைக்கு ஊர் முழுக்க மாடிக்கு மாடி இலை. தூரத்துக் கம்பியில் உட்கார்ந்திருந்தவை, மூன்று பாயசம் குடித்த பெரியவர்கள் மாதிரி அசையாமல் இருந்தன. உள்ளே பந்தி ஆரம்பித்தாயிற்று. டீச்சர் வந்து, "ஐயா, நீங்க ஒருத்தர்தேன் பாக்கி. மயக்கம் வந்துரும்" என்று கெஞ்சினார். காக்கை எடுக்காமல் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். அவர் சொன்னதைச் செய்கிறவர் என்பதால் எனக்குப் பயமாக இருந்தது. என் மனைவி கண்ணை மூடி அழகர்மலையானைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு, சோறு போட வந்த அந்த மகனும் கரண்டியோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு வடையை எடுத்து வந்தார். "பிச்சுப் போடுங்கய்யா. வாசனைக்கு வந்துரும்."

"வேணாம்யா. அது ஒங்க வடை" என்றார் பெரியவர். "வடைக்கு வந்த காக்கா எனக்கு எதுக்கு?"

அந்த மனிதர் கோபப்படவில்லை. வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்க மாடியிலயும் காலையில வரலங்கய்யா. ரொம்ப நேரம் நின்னு பாத்தோம். அம்மாவுக்கு என் மேல ஏதும் மனக்குறையோன்னு... அதச் சொல்லாமத்தான் கெளம்பி வந்தோம்" என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, மதிலோரம் அவருக்கும் நிற்க இடம் விட்டார். இரண்டு பேருமாகக் கா கா என்று கூப்பிட்டார்கள். ஒருவருக்குக் கரகரத்த குரல், ஒருவருக்குக் கூப்பிட வெட்கம்.

வெயில் உச்சியைத் தாண்டிய பிறகு கம்பியிலிருந்து ஒன்று இறங்கியது. மதிலில் தத்தித் தத்தி வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. குழைந்த சோற்றில் ஒரு கொத்துக் கொத்தியது. என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

பெரியவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அப்படியே நின்றுகொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "ஒங்க சோத்துலயும் ஒரு கையி கொண்டாங்க. பக்கத்துல வைங்க" என்றார்.

"நம்ம ரெண்டு சோறும் கலந்துராதுங்களா?"

"தனித்தனியா வைங்க. அவ கோவக்காரிதேன். ஆனா ஒருநாளும் தனியாத் திங்க மாட்டா. ஒங்கம்மாவையும் கூப்புட்டுக்கிருவா."

அவர் ஓடிப்போய் எடுத்து வந்து வைத்தார். அதற்குள் முதல் காக்கை கரைய ஆரம்பித்திருந்தது. கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. எது யாருடைய சோற்றை எடுத்தது என்று எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை. அந்த மகன் மதிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரியவர் அவர் முதுகில் தட்டி, "அதேன் வந்துருச்சுல்ல. வாங்க, இப்ப ஒங்க சோத்தப் போடுங்க. பசி காதடைக்குது" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்து, இரண்டு தரம் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். வடையையும் விடவில்லை. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி என்றார்.