சமாதானப் படம்

டாக்கீஸின் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்துப் பிழைத்தவள் நான். மைசூரில் பேசும் படம் வந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்தேன். மகாராஜாவின் ஆட்சி முடியும்வரை அந்த வாசலில்தான் நின்றேன். படித்தவர்கள் பத்திரிகையில் படங்களைப் பற்றி எழுதுகிறார்கள். நடிப்பு எப்படி, பாட்டு எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்த்ததில்லை. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஹனூர் பக்கம். கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். என் புருஷன் தங்கவயலுக்கு வேலைக்குப் போய், அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தத் தொடங்கினார். பொறுத்திரு, திரும்பி வருவார் என்று தெருவே சொன்னது. தெரு சோறு போடாது. ஆண்கள் முண்டியடிக்கும் வாசல் வழியாகக் குடும்பப் பெண்கள் உள்ளே வரமாட்டார்கள் என்பதால் டாக்கீஸ் மானேஜர் பக்கவாட்டில் தனி வாசல் வைத்திருந்தார். அதில் நிற்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன்.

டிக்கெட் கிழிக்க வேண்டும், வீறிட்டு அழும் குழந்தையையும் தாயையும் வெளியே அனுப்ப வேண்டும், திரை இழுக்க வேண்டும். பெண்கள் பெஞ்சுக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே கம்பியில் ஒரு கறுப்புத் துணி தொங்கும். விளக்கு அணைந்ததும் அதை ஒதுக்குவேன். விளக்கு எரிவதற்கு முன்னால் மூடிவிடுவேன். கொஞ்சம் தாமதித்தாலும் ஆண்கள் பக்கத்தில் விசில் பறக்கும், பெஞ்சிலிருக்கும் கிழவிகள் என்னைப் பிடித்துத் திட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு படமும் எப்போது முடியும் என்று நான் தெரிந்து வைத்திருந்தாக வேண்டும். அது பெரிய சிரமமாக இருக்கவில்லை. கதாநாயகி புருஷன் காலில் விழுவாள். நான் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

எந்தப் படமானாலும் அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் மரத்தைச் சுற்றி ஓடுவாள், தண்ணீரில் தவறி விழுவாள், அவன் தூக்குவான். பணக்கார வீட்டுப் பெண் என்றால் கார் ஓட்டுவாள், பூட்ஸ் போடுவாள், எதிர்த்துப் பேசுவாள். அவன் ஓர் அறை விடுவான். அடுத்த பாட்டில் அறை வாங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே அவனை நினைத்துப் பாடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அழுவாள். அவன் ஒரு நாட்டியக்காரி வீட்டுக்குப் போவான். நாட்டியக்காரி சிகரெட் பிடிப்பாள், இங்கிலீஷ் பேசுவாள், கடைசியில் செத்துப்போவாள். மனைவி படுத்த படுக்கையாவாள். அவன் மழையில் ஓடிவந்து கதறுவான். அவள் எழுந்து காலில் விழுவாள். யுத்தம் வந்து பிலிம் கிடைக்கவில்லை, படத்தின் நீளத்தைக் குறைக்கச் சொன்னது சர்க்கார். பாட்டைக் குறைத்தார்கள், சண்டையைக் குறைத்தார்கள். அவள் அழுவதை மட்டும் யாரும் குறைக்கவில்லை.

அப்போது எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் கிளம்பியிருந்தது. மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால், முன்பெல்லாம் பெரியவர்கள் தேங்காய் பழத்தோடு போய்ப் பேசி அழைத்து வருவார்கள். டாக்கீஸ் வந்தபிறகு மாமியார் மட்டும் போவாள். வீட்டுக்கு வா என்று சொல்லமாட்டாள். "வா கண்ணு, படம் பார்த்துட்டு வரலாம்" என்பாள். படம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே ஜட்கா வண்டியில் புருஷன் வீட்டுக்குப் போவார்கள். இதற்குச் சமாதானப் படம் என்று பெயர். எந்தப் படத்துக்கு அழைத்துப்போனால் பலிக்கும் என்று மாமியார்கள் முதலிலேயே என்னிடம் வந்து விசாரிப்பார்கள். "இதுல அந்தப் புள்ள கடைசீல புருஷங்கூடச் சேந்துருதா அம்முணி?" என்பார்கள். சேர்ந்துவிடுகிறாள் என்று தெரிந்தால் ஒரு வரிசை டிக்கெட் வாங்குவார்கள்.

என் தங்கையையும் இப்படித்தான் அழைத்துப்போனார்கள்.

அவளை மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவனுக்குக் கொடுத்திருந்தோம். குடிக்காமலே அடிப்பான். ஒரு நாள் முன்பல் ஒன்று போய், வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நின்றாள். நான் அனுப்பவில்லை. பட்டு ஆலையில் நூல் சுற்ற ஆள் எடுத்தார்கள். மேஸ்திரியிடம் பேசினேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். அவள் போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை அவள் மாமியார் வந்தாள். வெற்றிலையும் பூவும் கொண்டுவந்தாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கண்ணு, மாட்னி போலாமா? புதுப் படமாமா."

"அவ வரமாட்டா" என்றேன்.

"ஏன் அம்முணி, டாக்கீசு வாசல்ல நிக்கற மாதிரி வூட்டு வாசல்லயும் நின்னுக்கிட்டா எப்படி? புள்ளைய வூட்டுக்கா கூப்புட்டேன்? படத்துக்குத்தானே கூப்புட்டேன்?"

"படம் முடிஞ்சப்புறம்?"

"அப்புறம் அவ இஷ்டம். நானென்ன கையப் புடிச்சு இழுத்துட்டா போயிருவேன்?"

தங்கை அதற்குள் முகம் கழுவிவிட்டாள். பூவையும் வைத்துக்கொண்டாள். "போயிட்டு வந்தர்றேங்க்கா. படந்தானே" என்றாள்.

அவர்கள் டிக்கெட்டையும் நான்தான் கிழித்தேன். விளக்கு அணைந்ததும் திரையை ஒதுக்கிவிட்டுத் தூணோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் ஓட்டும் பெண் வந்தாள். அறை விழுந்தது. பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. "நல்லா வேணும் இவளுக்கு!" என்றாள் ஒருத்தி. "இன்னொண்ணு வெய்யி சாமி!" என்றாள் பின்னாலிருந்தவள். பல் போன என் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் மடியிலிருந்து கடலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பின்பாதியில் கதாநாயகி படுக்கையில் கிடந்தபோது பெஞ்சு முழுக்க மூக்கு சிந்தும் சத்தம். தங்கை குலுங்கிக் குலுங்கி அழுதாள். பல் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. மழையில் அவன் ஓடிவந்தான். நான் கயிற்றைப் பிடித்தேன்.

வாசலில் அவளை நிறுத்தினேன். கண் இரண்டும் வீங்கியிருந்தன, முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

"அவரும் மாறுவாருங்க்கா. இப்படியேவா இருந்துருவாரு?"

"உம் பல்லு?"

"படத்துல அவளும்தானே அடி வாங்குனா."

"அடியே, அது அரிதாரம் பூசின முகம். அவ சாயங்காலம் அதைக் கழுவிட்டு வூட்டுக்குப் போயிருவா."

மாமியார் ஜட்காவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கையைப் பிடித்து இழுக்கவில்லை. சொன்ன சொல் தவறவில்லை. தங்கை தானாகவே போய் ஏறினாள். திங்கட்கிழமை ஆலைச் சங்கு ஊதியபோது நான் மட்டும் போய் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தேன். "இப்படித்தாம்மா முக்கால்வாசிப் பேரு" என்றார் அவர்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் கர்ப்பம் கலைந்தது. எப்படிக் கலைந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஜுரம் என்று மட்டும் கீரைக்காரி வந்து சொன்னாள். ஜட்கா பிடித்துக்கொண்டு ஓடினேன். கதவோரம் பாயில் கிடந்தாள். தொட்ட கை சுட்டது. மாமியார் அடுப்படியில் இருந்தாள்.

"எந்திரி, ஆசுபத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"அவரு வரட்டுங்க்கா."

"அவன் எதுக்கு?"

"அவரு வந்து கூட்டிட்டுப் போகட்டும். கடைக்கு ஆளனுப்பிருக்குது. இப்பிடிக் கெடக்கறதப் பாத்தார்னா மனசு மாறிரும்."

அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் படத்துக்குள் படுத்திருந்தாள். கெஞ்சினேன், திட்டினேன். ஜட்காக்காரன் வெளியிலிருந்து குரல் கொடுத்தபடி இருந்தான். தூக்கப் பார்த்தேன், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கிருந்து வந்ததோ.

பொழுது சாயும்போது அவன் வந்தான். மழையும் பெய்துகொண்டிருந்தது. அதுகூடப் படம் மாதிரியே அமைந்துவிட்டது. வாசலில் நின்று குடையை உதறினான். அவளைப் பார்த்தான்.

"பெட்டிச் சாவி எங்கே?" என்றான்.

அந்தப் பெட்டியில்தான் நாங்கள் போட்ட தோடும் சங்கிலியும் இருந்தன. என் தங்கை சிரித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள். கொடுக்கும்போது அவன் காலைத் தொடக் கை கொண்டுபோனாள். அவன் அதற்குள் பெட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டான். வேண்டியதை எடுத்துக்கொண்டு, குடையை விரித்து, திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அவள் நிலையைப் பிடிக்கவில்லை. தூக்கிப்போய் ஜட்காவில் போட்டேன். ஆஸ்பத்திரி வாசல்வரை மூச்சு இருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் மானேஜரிடம் சண்டை போட்டேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"இந்த மாதிரிப் படத்த எதுக்குப் போடறீங்க? வேற கதையே உலகத்துல இல்லியா?"

"நோடம்மா, இங்க பாரும்மா, வேற கதை இருக்கு. பாக்கறது யாரு? மாமியார் வந்தா வீடே வரும். மருமகள் தனியா வர்றாளா? புருஷனை விட்டுப் போற பொம்பளை கதைய எந்த மாமியார் கூட்டிட்டு வந்து காட்டுவா?"

அவர் சொன்னது பொய் இல்லை. அப்படி ஒரு படமும் வந்தது. அதில் அடிபட்ட மனைவி வீட்டைவிட்டுப் போய் வாத்தியாராகிறாள். புருஷன் வந்து கூப்பிடுகிறான், அவள் வரவில்லை. படம் அவ்வளவுதான். எனக்குக் கயிற்றை எப்போது பிடிப்பது என்றே தெரியாமல் முதல் நாள் விசில் வாங்கினேன். "தூ, இதொரு படமா" என்று கிழவிகள் எழுந்து போனார்கள். அவர்கள் போகட்டும். சிறிசுகளும் மறுநாள் வரவில்லை. வழக்கமாக ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒருத்தியை மார்க்கெட்டில் பிடித்துக் கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா அழவே வுடலியே."

"அழணுமா?"

"பின்னே? வூட்டுல அழுதா எதுக்கு அழுவறேன்னு கேப்பாங்க. அங்க யாரும் கேக்க மாட்டாங்களே."

படம் எடுப்பவனைத் திட்டலாம், மானேஜரைத் திட்டலாம், மாமியாரைத் திட்டலாம். இவளை என்ன சொல்வது? இருட்டில் கொஞ்சநேரம் அழுவதற்காக அந்த அழுமூஞ்சிக் கதாநாயகியை இவளே டிக்கெட் வாங்கி உயிரோடு வைத்திருக்கிறாள். அழுது முடித்துத் தெளிந்த முகத்தோடு அதே வீட்டுக்குப் போகிறாள். அந்தப் படம் அந்த வாரத்தோடு போய்விட்டது. பழையபடி மழையில் ஓடிவருகிறவன் வந்தான்.

என் தங்கையின் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். நான் எதிர்பார்த்த மாதிரியே ஒரு சனிக்கிழமை மாட்னிக்கு அதே மாமியார் ஒரு புதுப் பெண்ணோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். அந்தப் பெண் வாசலில் என் பக்கத்தில் நின்றாள். கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"கோவிச்சுட்டு அம்மா வூட்டுக்குப் போயிருந்தியா?" என்றேன்.

தலையாட்டினாள்.

மாமியார் வருவதற்குள் சொல்லிவிட்டேன். முதல் மனைவி என் தங்கை என்றேன். இதே மாதிரி ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனாள் என்றேன். ஜுரம், மழை, குடை, பெட்டிச் சாவி எங்கே என்று அவன் கேட்டது, எல்லாம் சொன்னேன். பட்டு ஆலையில் இப்போதும் ஆள் எடுக்கிறார்கள், மேஸ்திரி எனக்குத் தெரிந்தவர் என்றேன். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாட்டெல்லாம் நல்லாருக்குமாமே?" என்றாள்.

மாமியார் வந்து டிக்கெட்டை நீட்டினாள். கிழித்தேன். உள்ளே போனார்கள்.

வேறு நடிகை, அதே கதை. அறை விழுந்தபோது பெஞ்சு சிரித்தது. அந்தப் பெண் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. கதாநாயகி காலில் விழுந்தாள். திரையை மூடினேன். விளக்கு எரிந்தது.

அவள் அழுது வீங்கிய கண்ணோடு வெளியே வந்தாள். மாமியார் முன்னால் நடந்து ஜட்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவள் என் முன்னால் நின்றாள்.

"அக்கா, அந்தச் சாவிய அவங்க குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டா" என்றேன். "சிரிச்சுக்கிட்டே குடுத்தா."

அவள் தன் முந்தானை நுனியைப் பார்த்தாள். அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. துணி சுற்றிய கையால் அதை அவிழ்த்து, தன் பெட்டிச் சாவியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏ புள்ளே, படம் முடிஞ்சுருச்சு, வா! வண்டி நிக்குது!" என்றாள் மாமியார்.

"வர்றேனுங்கத்தே" என்று சொல்லிவிட்டுப் போய் ஜட்காவில் ஏறிக்கொண்டாள். ஆலைக்கு அவள் வரவில்லை. பிறகு எந்த மாட்னியிலும் நான் அவளைப் பார்க்கவில்லை.