சோம்பேறிக் குடிகள்

மலிவாக வாங்கிய கணினி விளையாட்டில், நான் கட்டியெழுப்பிய பழங்கால அரசு மூன்றாம் முறையாகப் பட்டினியால் அழிந்துகொண்டிருந்தது. இணையத்தில் மற்ற ஆட்டக்காரர்களும், குடிமக்கள் மந்தம், விளையாட்டே கோளாறு என்று ஒரே குரலில் விமர்சித்திருந்தனர். பள்ளிப் பட்டிமன்றங்களில் தோல்வியறியாத நானும் அக்கட்சியில் நின்று, "சோம்பேறிக் குடிகளை வைத்து எந்த மன்னன் ஆள்வான்?" என்றொரு கண்டனம் எழுதி, எங்கள் ஊரான கோலா தெர்லாவின் காய்கறித் தோட்டத்தில் வேலை முடித்து வந்த அக்காவிடம் உரக்க வாசித்தேன்.

அக்கா கைதட்டவில்லை, திரையைப் பார்த்தாள்.

"வீட்டயெல்லாம் மல மேல கட்டிட்டு வயல ஆத்தோரமா வச்சிருக்க. நடக்கவே பாதி நாளு போயிரும்லா. அப்புறம் எப்ப வேல செய்வாங்க, துரை?"

"மலையில இருக்கிற அரண்மனை பக்கத்துல வீடுங்க இருந்தாதான்கா அழகு."

"அப்ப அந்த அழகையே ஆக்கிப் போடு."

வீடுகளை இடித்து வயலோரம் கட்டினேன். அடுத்த அறுவடையிலேயே தானிய வண்டிகள் வரிசையாக வந்தன! நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன், அக்கா, "ஏறுதுடா, ஏறுது!" என்று கத்தினாள். களஞ்சியம் நிரம்பியது.

கண்டனத்தை அழித்து, ஐந்து நட்சத்திரங்களுடன் புதிதாக எழுதினேன்: "குடிகள்மீது குற்றமில்லை. மன்னர்களே, வீடுகளை வயலருகே கட்டுங்கள்!"

நான் கட்சி மாறிய ஒரே வாதம் அது. தோற்றதாக அக்காவிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.