முக்காலியில் ஒரு சீமாட்டி

நேற்று ஒரு கடையில், படம் வரையும் கறுப்பு மையான இந்தியன் இங்க் புட்டியைத் திறந்து காட்டினார்கள். அந்த வாசனையில், இப்போது அடுக்குமாடி நிற்கும் மயிலாப்பூர் சந்தில் இருந்த எங்கள் முன்னறை திரும்பி வந்தது. எழுபதுகளில் அப்பா அங்கே தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, பணக்கார வீட்டுக் கூத்துகளைச் சொல்லும் வாரப் பத்திரிகை நகைச்சுவைக் கதைகளுக்குப் படம் போடுவார். எந்தப் பங்களாவுக்குள்ளும் அவர் போனதில்லை. கதையில் வரும் சீமாட்டிக்கு, அடுப்படியிலிருந்து அழைத்துவந்து முக்காலியில் உட்காரவைத்த அம்மாதான் மாடல்; நூல் புடவையில் அவள் மோவாயைத் தூக்கிக்கொள்வாள், அப்பா தன் பேனாவால் பட்டும் வைரமும் சாத்திவிடுவார்.

ஒருநாள் அடையாறிலிருந்து காரில் ஒரு மாமி பத்திரிகையும் கையுமாக வந்து இறங்கினாள்.

"என் மூஞ்சியை வரைஞ்சு ஊரே சிரிக்கும்படி பண்ணிட்டேளே!"

வேலை போய்விடுமோ என்று பயந்து அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஈரக்கையோடு வந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்து மோவாயைத் தூக்கினாள்.

"நன்னாப் பாருங்கோ மாமி. அது நான்தான்."

மாமி படத்தையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். முகத்திலிருந்த கோபம் மெல்ல வடிந்தது.

"அப்போ அது நான் இல்லையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டபடி பத்திரிகையை மடித்தாள்.